சட்டங்கள் தளையா, துணையா?



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையரிடம் மக்கள் கேட்கும் கேள்விகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூலே எழுதிவிடலாம். "சாமி, காலையில சுகர் மாத்திரையைத் தண்ணி ஊத்தி முழுங்கிட்டேன், நன்மை வாங்கலாமா?" "ஃபாதர், சனிக்கிழமை சாயங்காலமே பூசை கண்டாச்சு, ஞாயிற்றுக்கிழமையும் வரணுமா?" "வெள்ளிக்கிழமைங்கிறதை மறந்து பிரியாணி சாப்பிட்டுட்டேன், பாவமா?" "பக்கத்து வீட்டுல ஆயுத பூசைக்குப் பொரியும் கடலையும் கொடுத்தாங்க, வாங்கலாமா, கூடாதா?" இளைஞர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "மனசு சுத்தமா இருந்தா போதாதா ஃபாதர்? கடவுள் என்ன வருகைப் பதிவேடு வச்சுக்கிட்டா உக்காந்திருக்கார்?"

கேள்விகள் பலவாக இருந்தாலும் அவற்றின் வேர் ஒன்றுதான். கிறிஸ்தவ வாழ்வு என்பது சட்டங்களைக் கடைப்பிடிப்பதா? அல்லது மனச்சான்று சொல்வதைச் சுதந்திரமாகச் செய்வதா? சிலருக்குத் திருச்சபையின் சட்டங்கள் வேலியாகத் தெரிகின்றன. அதற்குள் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வேறு சிலருக்கு அவை விலங்காகத் தெரிகின்றன. கழற்றி எறிந்தால்தான் நிம்மதி என்கிறார்கள்.

பல ஆண்டுகள் மக்களோடு வாழ்ந்ததில் எனக்குத் தெளிவானது இது: சட்டங்கள் அதிகமாக இருப்பது நம் சிக்கல் அல்ல. எது கடவுளின் சட்டம், எது திருச்சபையின் சட்டம், எது வெறும் வழக்கம், எது ஊரார் போட்ட கட்டுப்பாடு என்று பிரித்தறியாமல் இருப்பதுதான் சிக்கல். அதனால் இல்லாத சட்டத்துக்கு அஞ்சி நடுங்குகிறோம். இருக்கும் சட்டத்தோடு பேரம் பேசுகிறோம். இந்த நான்கையும் இன்று பிரித்துப் பார்ப்போம்.

இயேசு சட்டத்தை மீறினாரா?

முதலில் நம் ஆண்டவரைப் பார்ப்போம். இயேசு சட்டங்களை உடைத்தெறிந்த புரட்சியாளர் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குச் செல்வது அவருடைய வழக்கம் (லூக் 4:16). தொழுநோயாளரைக் குணமாக்கியதும், சட்டப்படி குருவிடம் போய்க் காட்டும்படி அனுப்பினார் (மாற் 1:44). கோவில் வரியும் செலுத்தினார் (மத் 17:24-27). சட்டத்தை அழிக்க அல்ல, நிறைவேற்றவே வந்ததாக மலைப்பொழிவில் சொன்னார் (மத் 5:17).

அதே இயேசுதான் ஓய்வுநாளில் கை சூம்பியவரைக் குணமாக்கினார், தொழுநோயாளரைத் தொட்டார், ஓய்வுநாள் மனிதருக்காக உண்டானது என்று பரிசேயருக்கு நினைவூட்டினார் (மாற் 2:27). இதில் முரண்பாடு இல்லை. சட்டம் எதற்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கத்தை அவர் ஒருபோதும் மீறவில்லை. புதினா, சோம்பு, சீரகத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் நம்பிக்கையையும் கைவிட்டவர்களை அவர் கண்டித்தார். அப்போதும், பெரியவற்றைச் செய்யுங்கள், சிறியவற்றையும் விட்டுவிடாதீர்கள் என்றே சொன்னார் (மத் 23:23). சட்டங்களுக்குள் ஒரு வரிசை உண்டு என்பதே அவர் கற்பித்த பாடம்.

1. கடவுளின் கட்டளை

பத்துக் கட்டளைகள் எங்கே தொடங்குகின்றன என்று கேட்டால், மறைக்கல்வி மாணவர்கள் உடனே முதல் கட்டளையைச் சொல்வார்கள். விடுதலைப் பயண நூலைத் திறந்து பாருங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்களை வெளியே கொண்டுவந்தவர் தாமே என்று ஆண்டவர் முதலில் நினைவூட்டுகிறார் (விப 20:2). அதற்குப் பிறகுதான் கட்டளைகள் வருகின்றன. விடுதலை பெற்ற மக்கள் மீண்டும் அடிமைகளாகிவிடக் கூடாது, ஒருவர் மற்றவரை அடிமையாக்கவும் கூடாது என்பதற்காகவே அவை தரப்பட்டன. முதலில் விடுதலை, பிறகு சட்டம்: இந்த வரிசையை மறக்க வேண்டாம்.

இந்தக் கட்டளைகளிலிருந்து யாரும் யாருக்கும் விலக்கு அளிக்க முடியாது. பங்குத்தந்தையால் முடியாது, ஆயரால் முடியாது, திருத்தந்தையாலும் முடியாது. பொய்ச்சான்று சொல்ல அனுமதிக் கடிதம் தரும் அதிகாரம் இவ்வுலகில் எவருக்கும் இல்லை.

ஆனால் நாம் அதிகம் பேரம் பேசுவது இங்கேதான். சுத்தபோசன நாளில் முட்டை சாப்பிடலாமா என்று கவலையோடு கேட்பவர், வேலையாளின் கூலியை இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருப்பதைப் பற்றிக் கேட்பதில்லை. பெண் வீட்டாரிடம் நகையும் ரொக்கமும் பேசி வாங்கியதை ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்ல வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. எசாயா இறைவாக்கினரின் காலத்திலும் இதே நிலைதான். மக்கள் நோன்பிருந்தார்கள், அதே நாளில் வேலையாள்களை ஒடுக்கினார்கள். பசித்தவரோடு உணவைப் பகிர்வதும், ஒடுக்கப்பட்டோரை விடுவிப்பதுமே தாம் விரும்பும் நோன்பு என்று ஆண்டவர் அவர்களுக்குச் சொன்னார் (எசா 58:3-7).

2. திருச்சபையின் சட்டம்

இரண்டாவது, திருச்சபை இயற்றிய சட்டங்கள். ஞாயிறு திருப்பலி, நற்கருணைக்கு முன் நோன்பு, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒப்புரவு, பாஸ்கா காலத்தில் நற்கருணை, ஒருசந்தி, சுத்தபோசனம் போன்றவை இவை. இவற்றுக்கு நாம் கட்டுப்பட்டவர்கள். எனினும் இவை கடவுளின் கட்டளைகளை வாழ்ந்து காட்ட நமக்குத் தரப்பட்ட துணைகள். காலத்துக்கேற்ப மாறக்கூடியவை, தேவை ஏற்படும்போது விலக்கு அளிக்கக்கூடியவை.

நற்கருணை நோன்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்துதான் நன்மை வாங்க முடியும். 1953ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தண்ணீர் குடிப்பதால் நோன்பு முறியாது என்று மாற்றினார். 1957இல் திட உணவுக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்தார். 1964ஆம் ஆண்டு நவம்பரில் புனித ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 919) இதையே உறுதி செய்து, தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிக்காது என்கிறது. முதியோரும் நோயாளிகளும், அவர்களைப் பராமரிப்பவர்களும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே சுகர் மாத்திரை விழுங்கிய தாய்மார்களே, நீங்கள் தாராளமாக முன்னே வாருங்கள். உங்களைக் கவனித்துக்கொள்ளும் மகளும் மருமகளும் வரட்டும்.

ஞாயிறு கடனும் அப்படியே. முந்திய நாள் மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலும் கடன் நிறைவேறுகிறது (எண் 1248). நோய், கைக்குழந்தையைப் பராமரித்தல் போன்ற தக்க காரணங்கள் இருந்தால் கடன் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2181) கூறுகிறது. நியாயமான காரணம் இருந்தால் தனியொருவருக்கு விலக்கு அளிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு (எண் 1245). 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது உலகெங்கும் ஆயர்கள் இந்தக் கடனிலிருந்து மக்களுக்கு விலக்கு அளித்தார்கள். நோயைப் பரப்பாமல் இருப்பதும் பிறரன்பே என்பதால்தான் அப்படிச் செய்தார்கள்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1752 சட்டங்கள் உள்ளன. கடைசிச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையில் எப்போதும் உயர்ந்த சட்டமாக இருக்க வேண்டும் என்கிறது. அத்தனை சட்டங்களையும் எழுதி முடித்து, அவை எல்லாம் எதற்காக என்பதைத் திருச்சபை கடைசி வரியில் சொல்லி வைத்திருக்கிறது.

அப்படியானால் இந்தச் சட்டங்கள் ஏன் என்று கேட்கலாம். பள்ளித் தேர்வில் தேர்ச்சி பெற 35 மதிப்பெண் வேண்டும். 35 எடுத்தால் போதும் என்று எந்தப் பெற்றோரும் பிள்ளையை வளர்ப்பதில்லை. ஆனால் அந்த 35 என்ற கோடு இல்லாவிட்டால், பிள்ளை பின்தங்குவது யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒப்புரவு, பாஸ்கா காலத்தில் நற்கருணை என்ற விதியை 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் சங்கம் வகுத்தது. பலர் ஆண்டுக்கணக்கில் நற்கருணை வாங்காமலே இருந்த காலம் அது. அதற்கும் கீழே போகக் கூடாது என்று போட்ட கோடுதான் அந்த விதி. அதுவே நம் இலக்கு அல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சட்டம் நமக்காக வளைவது வேறு. நாம் சட்டத்தைத் தட்டிக்கழிப்பது வேறு. இரவெல்லாம் மருத்துவமனையில் மாமியாருக்குத் துணையிருந்த மருமகள் ஞாயிறு திருப்பலிக்கு வராவிட்டால், அவர் அன்பின் கடமையில்தான் இருந்தார். இரவெல்லாம் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துவிட்டுக் காலையில் எழ முடியாதவர் அதே சலுகையைக் கேட்க முடியாது. காரணத்தைப் பங்குத்தந்தையிடம் சொல்லிச் சமாளித்துவிடலாம். கடவுளிடம் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி.

3. வழக்கமும், இல்லாத சட்டமும்

மூன்றாவது, வழக்கங்கள். கோவிலில் பெண்கள் முக்காடு போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1917ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு அதைக் கேட்டது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அது இல்லை. இன்றும் நம் தாய்மார் முக்காடு போட்டு நற்கருணை வாங்குவது அழகான பக்தி; அதைத் தொடரட்டும். ஆனால் முக்காடு இல்லாமல் வந்த இளம்பெண்ணை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொள்ள யாருக்கும் உரிமை இல்லை. தவக்காலம் முழுவதும், நாற்பது நாளும், புலால் உண்ணாமல் இருப்பதும் அப்படியே. அதைத் தாமாக ஏற்பவர் பாராட்டுக்குரியவர். ஏற்காத அண்டை வீட்டாரின் சமையலறையை மோப்பம் பிடிப்பது தவக்கால முயற்சி ஆகாது!

வழக்கங்களால் இப்படி மனவருத்தம் வருவதுண்டு. இல்லாத சட்டங்களால் வருவதோ பெரிய காயம். இரண்டைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, மாதவிலக்கு நாள்களில் கோவிலுக்கு வரக் கூடாது, நன்மை வாங்கக் கூடாது என்ற எண்ணம். இன்றும் எத்தனையோ பெண்கள் அந்த நாள்களில் கோவிலின் கடைசி வரிசையிலோ வீட்டிலோ இருந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு சட்டம் திருச்சபையில் இல்லை. இங்கிலாந்தில் மறைப்பணி செய்த கான்டர்பரி நகர் புனித அகுஸ்தினார் இதே கேள்வியைத் திருத்தந்தை புனித பெரிய கிரகோரியாரிடம் கேட்டதாகவும், அந்நாள்களில் பெண்கள் கோவிலுக்கு வருவதையோ நற்கருணை வாங்குவதையோ தடுக்கக் கூடாது என்று அவர் பதில் அளித்ததாகவும் வரலாற்றாசிரியர் புனித பீடு எழுதிவைத்துள்ளார். சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் வந்த பதில் இது! பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் தம் ஆடையைத் தொட்டபோது, ஆண்டவர் அவரை விலகிப் போகச் சொல்லவில்லை. மகளே என்று அழைத்தார் (மாற் 5:34). ஆண்டவர் மகளே என்று அழைத்த பிறகு, தீட்டு என்று சொல்ல நாம் யார்?

இரண்டாவது, கணவரைப் பிரிந்து வாழும் பெண்கள். குடித்துவிட்டு வந்து அடித்து உதைக்கும் கணவரிடமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிட்ட ஒருவர், "நான் பாவத்தில் இருக்கிறேன், நன்மை வாங்கத் தகுதியில்லை" என்று ஆண்டுக்கணக்கில் ஒதுங்கியிருப்பதைப் பல பங்குகளில் காணலாம். பெரும்பாலும் அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் உறவினர்களே. திருச்சபை என்ன சொல்கிறது? கணவரோ மனைவியோ மற்றவரின் ஆன்மாவுக்கோ உடலுக்கோ, பிள்ளைகளுக்கோ கடும் ஆபத்து விளைவித்தால், பிரிந்து வாழ்வதற்கு அது முறையான காரணம் ஆகும். இதற்கு ஆயரின் அனுமதி பெற வேண்டும். ஆனால் காத்திருப்பதே ஆபத்து என்றால், பாதிக்கப்பட்டவர் தாமாகவே பிரிந்து செல்லலாம் (எண் 1153). திருமணப் பிணைப்பு நீடிக்கிறது. அந்தப் பிணைப்பு இருக்கும்வரை வேறு திருமணம் செய்ய முடியாது. ஆனால் பிரிந்து தனியே வாழ்வது நற்கருணைக்குத் தடை அல்ல. அடியையும் உதையையும் தாங்கிக்கொண்டு உயிரை விடுவதுதான் கிறிஸ்தவப் பெண்ணின் கடமை என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை.

மறுமணம் செய்தவர்களின் நிலை வேறு. அதைப் பங்குத்தந்தையிடமும் மறைமாவட்டத் தீர்ப்பாயத்திடமும் பேசித்தான் வழிகாண வேண்டும். அவர்களும் திருச்சபையிலிருந்து பிரிந்துபோனவர்களாகத் தங்களைக் கருதக் கூடாது என்று புனித இரண்டாம் ஜான்பால் 1981ஆம் ஆண்டு குடும்பம் பற்றி எழுதிய மடலில் வலியுறுத்தினார்.

4. ஊர்க் கட்டுப்பாடு

நான்காவது வகைச் சட்டம் எந்தத் தொகுப்பிலும் எழுதப்படவில்லை. ஆனால் நாம் மறுபேச்சின்றிக் கீழ்ப்படிவது அதற்குத்தான். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம், தேர்வடத்தை எந்தத் தெரு முதலில் பிடிக்கும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்தச் சட்டம். ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்ட மகனை மன்னிக்கும் தந்தை, சாதி மாறித் திருமணம் செய்த மகனுக்கு வாசற்கதவைச் சாத்திவிடுகிறார். கேட்டால், "ஊர் என்ன சொல்லும் சாமி?" என்கிறார். மனித மரபைக் காப்பதற்காகக் கடவுளின் கட்டளையைத் தள்ளிவிடுகிறீர்கள் என்று ஆண்டவர் பரிசேயரைக் கண்டித்தது (மாற் 7:8-9) இன்று நமக்கும் பொருந்தும்.

இந்தக் கட்டுப்பாட்டை மீறுவது பாவமல்ல. பல நேரங்களில் அதுவே புனிதம். நம் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயம் இதற்குச் சான்று. 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய அவர், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேறுபாடின்றி எல்லாரோடும் பழகினார். அனைவரும் சமம் என்று வலியுறுத்தினார். உயர்குடியினரின் வெறுப்புக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. 1752ஆம் ஆண்டு சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர், திருமணமான பொதுநிலையினர். அவர் படத்துக்கு மாலை போடும் நாம், அவர் மீறிய சட்டத்தை இன்னும் காத்துவருகிறோம் என்றால், மாலைக்குப் பொருள் என்ன?

மனச்சான்று என்னும் தராசு

இனி இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். மனச்சான்று சொல்வதைக் கேட்டால் போதாதா? மனச்சான்றைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் தூயகம் என்றே இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனச்சான்றைப் பற்றி 1965ஆம் ஆண்டு கற்பித்தது (இன்றைய உலகில் திருச்சபை, 16). மனச்சான்றுகளை உருவாக்கவே அழைக்கப்பட்டிருக்கிறோம், அவற்றின் இடத்தில் நாம் உட்கார்ந்துகொள்வதற்கு அல்ல என்ற கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு எழுதிய அன்பின் மகிழ்ச்சி மடலில் மேய்ப்பர்களாகிய எங்களுக்கு நினைவூட்டினார் (எண் 37).

ஆனால் மனச்சான்று என்பது என் விருப்பத்தின் மறுபெயர் அல்ல. மளிகைக் கடையில் தராசு கடைக்காரருடையது. நிறுப்பவரும் அவரே. ஆனால் ஒரு கிலோ என்பது எவ்வளவு என்று அவர் முடிவு செய்ய முடியாது. அதனால்தான் எடைக்கல்லையும் தராசையும் குறித்த காலத்தில் சோதித்து முத்திரை பெற வேண்டியிருக்கிறது. மனச்சான்றும் அப்படியே. நிறுக்க வேண்டியவர் நாமே. வேறொருவர் நமக்காக நிறுக்க முடியாது. ஆனால் அது சரியாக நிறுக்கிறதா என்பதை இறைவார்த்தையிலும் திருச்சபையின் போதனையிலும் செபத்திலும் நல்லவர்களின் அறிவுரையிலும் அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும்.

தராசு இரண்டு விதமாகக் கெடும். சிலருக்கு எதை வைத்தாலும் கனக்காது. சிலருக்குத் தூசு விழுந்தாலும் கனக்கும். புனித அல்போன்ஸ் லிகோரி (1696-1787) இந்த இரண்டாம் துன்பத்தைத் தம் வாழ்வில் அனுபவித்தவர். எதிலும் பாவமோ என்ற மன உறுத்தலால் வருந்தியவர். அவரே ஒருபுறம் கடும் கண்டிப்பாளருக்கும் மறுபுறம் எதையும் அனுமதிப்போருக்கும் நடுவே வழி காட்டும் ஒழுக்க இறையியல் நூலை 1748ஆம் ஆண்டு வெளியிட்டார். ஒப்புரவு அருட்சாதனம் வழங்கும் குருக்களின் பாதுகாவலராகத் திருச்சபை 1950ஆம் ஆண்டு அவரை அறிவித்தது. மன உறுத்தலால் தவிப்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: ஒரே குருவிடம் தொடர்ந்து ஆலோசனை பெறுங்கள், அவர் பாவமில்லை என்று சொன்னால், அதை நம்பி நிம்மதியாக இருங்கள்.

சுதந்திரத்துக்கு எல்லை எது?

தூய பவுல் காலத்துக் கொரிந்து நகரில், நம் ஊர்ப் பொரி கடலைக் கேள்வியைப் போலவே ஒரு கேள்வி எழுந்தது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியைக் கிறிஸ்தவர் உண்ணலாமா? பவுலின் பதிலைக் கவனியுங்கள். சிலை ஒன்றுமில்லை, ஆகவே உணவு தன்னிலேயே நம்மைக் கறைப்படுத்தாது. ஆனால் பிற வழிபாட்டில் பங்கெடுப்பது வேறு. அதைச் செய்யக் கூடாது. மற்றவர் வீட்டு விருந்தில் பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம். ஆனால் ஒருவர் இது படைக்கப்பட்டது என்று சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சான்றை முன்னிட்டு உண்ண வேண்டாம் (1 கொரி 8, 10:14-30).

பவுலுடைய சுதந்திரத்துக்கு எல்லையாக நிற்பது, அருகில் இருக்கும் பலவீனமான சகோதரர். எனக்கு உரிமை உண்டு என்பதோடு அவர் நிற்கவில்லை. என் உரிமை யாரையாவது வீழ்த்துமா என்றும் கேட்டார். ஆகவே பக்கத்து வீட்டு அம்மா அன்போடு நீட்டும் பொரியை முகம் சுளித்துத் தள்ளுவது நற்செய்திக்குச் சான்று ஆகாது. அதே வேளையில், புதிதாகத் திருமறையில் சேர்ந்து பழைய வாழ்வோடு போராடும் ஒருவர் அருகில் இருந்தால், அவர் குழம்பாதபடி நடந்துகொள்வதும் நம் கடமை. விடுதலை பெற்றவர்களாகிய நாம் அன்பினால் ஒருவருக்கொருவர் பணிவிடை செய்யவே அழைக்கப்பட்டிருக்கிறோம் (கலா 5:13).

வெள்ளிக்கிழமை தரும் பாடம்

சுதந்திரம் கிடைத்தபோது நாம் என்ன செய்தோம் என்பதற்கு வெள்ளிக்கிழமையே சாட்சி. 1966ஆம் ஆண்டு பிப்ரவரியில் புனித ஆறாம் பவுல், நோன்புச் சட்டங்களைத் திருத்தி அமைத்தார். சட்டத்துக்காக மட்டும் அல்லாமல், உள்ளத்திலிருந்து மக்கள் தவம் செய்ய வேண்டும் என்பதே அவர் விருப்பம். இன்றைய சட்டப்படி 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனமும், 18 வயது நிறைந்தது முதல் 59 வயது நிறையும் வரை ஒருசந்தியும் கடமை. ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் தவ நாள்களே. சுத்தபோசனத்துக்குப் பதிலாக வேறு தவ முயற்சிகளை, குறிப்பாகப் பிறரன்புச் செயல்களையும் பக்தி முயற்சிகளையும், ஆயர் பேரவைகள் வரையறுக்கலாம் (எண் 1253).

பல நாடுகளில் என்ன நடந்தது? இறைச்சியை விலக்கும் கடமை தளர்ந்தது. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டிய தவமும் பிறரன்பும் பலருக்கு நினைவிலேயே இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 16 முதல் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். கொடுக்கப்பட்ட சுதந்திரம் பயன்படாமல் கிடந்தது. ஆகவே சட்டம் திரும்பி வந்தது.

நம் வீடுகளிலோ வேறு விதமான வேடிக்கை. வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, அதைவிட விலை கூடிய வஞ்சிரம் மீனை வாங்கி வறுக்கிறோம். சட்டம் மீறப்படவில்லை, தவமும் நடக்கவில்லை. இறைச்சியை விட்ட பணம் பசித்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தால்தான் வெள்ளிக்கிழமை நிறைவு பெறும்.

மூன்று கேள்விகள்

அன்பார்ந்தவர்களே, இனி ஏதாவது ஒரு விதி உங்கள் முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது யாருடைய சட்டம்: கடவுளுடையதா, திருச்சபையினுடையதா, வழக்கமா, ஊருடையதா? இது எதைக் காப்பதற்காகத் தரப்பட்டது? நான் இதைக் கடைப்பிடிப்பதாலோ விடுவதாலோ யாருக்கு நன்மை, யாருக்குக் காயம்? முதல் கேள்வி அறியாமையை நீக்கும். இரண்டாவது, வெளிவேடத்தை நீக்கும். மூன்றாவது, நம்மை அன்புக்கு அழைத்துச் செல்லும்.

இந்த வாரம் ஒரு சிறு முயற்சி எடுப்போம். இல்லாத ஒரு சட்டத்துக்கு அஞ்சி நற்கருணையிலிருந்து விலகி நிற்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கலாம். வெறும் வயிற்றோடு மயங்கி விழும் பாட்டியாக இருக்கலாம். தீட்டு என்று ஒதுங்கி நிற்கும் மகளாக இருக்கலாம். அடிக்கு அஞ்சிப் பிரிந்து வந்த சகோதரியாக இருக்கலாம். அவரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். தயங்கினால் பங்குத்தந்தையிடம் அழைத்து வாருங்கள். வரும் ஞாயிறன்று அவரும் உங்களோடு வரிசையில் நின்று ஆண்டவரைப் பெற்றுக்கொள்ளட்டும்.

உண்மை நமக்கு விடுதலை அளிக்கும் என்று சொன்ன ஆண்டவர் (யோவா 8:32), தம் கட்டளைகளை அச்சத்தினால் அல்ல, அன்பினால் கடைப்பிடிக்கும் அருளை நம் குடும்பங்களுக்குத் தருவாராக. ஆமென்.